முக்காலியை நகர்த்தியவன்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் ரூம் பியூன்; படித்தது நாலாம் வகுப்பு வரை. ‘ல’ வரவேண்டிய இடத்தில் ‘ள’ வந்து உட்கார்ந்துகொள்ளும். வரிகள் போகப் போகக் கீழே சரியும். சயின்ஸ் டீச்சரம்மா கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்கு வேலை மாறிப் போகிறார்கள், அவர்களைப் பற்றிப் பள்ளிக்கூட மலருக்கு நீயும் எழுது என்று பள்ளிக்கூடத்தார் என்னிடம் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. ஒரு பக்கம் எழுதுவதற்குப் பதில் சயின்ஸ் ரூம் தரையை நாலு தடவை கழுவிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அச்சுக் கோக்கிறவர்கள் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது. அதற்கு நான் பொறுப்பு.

டீச்சரம்மாவை நினைத்தால் எனக்குக் கண்ணுக்கு முன்னால் ஒரு பாட்டில்தான் வரும். மிட்டாய்க் கடையில் பெப்பர்மின்ட் போட்டு வைக்கிற பெரிய கண்ணாடி பாட்டில். அடியில் இரண்டு அங்குலம் ஆற்று மணல். கழுத்து வரைக்கும் தெப்பக்குளத்துத் தண்ணீர். தண்ணீருக்குள் நாடா மாதிரி நீண்டு வளரும் ஒரு பாசிச் செடி, நாலு சின்ன நத்தை. மூடியைச் சுற்றிச் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி ஊசி நுழையாதபடி அடைத்திருந்தார்கள். அப்படி ஐந்து பாட்டில்கள். உலகச் சண்டை தொடங்கிய வருஷம் புரட்டாசியில் அவற்றை மூடினோம். அரக்கை உருக்கியது நான்.

அந்தப் பாட்டில்கள் ஏன் வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னால் மயிலாப்பூரில் ஒரு சபையில் கல்லூரிப் புரொபசர் ஒருவர் வானத்தைப் பற்றிப் பேசினார். திரையில் படம் காட்டுகிற மாஜிக் லாந்தரை எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனதால் நானும் கடைசியில் நின்றிருந்தேன். நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு சூரியன், அவற்றைச் சுற்றியும் நம் பூமியைப்போல உலகங்கள் இருக்கலாம், தண்ணீரும் அளவான சூடும் இருந்தால் அங்கே உயிர் உண்டாகிவிடும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து எங்கள் டீச்சரம்மா எழுந்தார்கள். அந்தக் காலத்தில் சபையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து கேள்வி கேட்டால் பின்வரிசைக்காரர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள்.

“உண்டாகறது சரி. நீடிக்கறதுக்கு என்ன வேணும்? ஒரு நாள் தண்ணியும் சூடும் இருந்தாப் போறுமா?” என்று கேட்டார்கள்.

புரொபசர் சிரித்தார். “நீங்களே பாருங்கோம்மா. ஒரு பாட்டில்ல குளத்துத் தண்ணியை எடுத்து மூடி வையுங்கோ. ஆறு மாசத்துல நாறிப்போயிடும். மூடின உலகம் நீடிச்சு யார் பாத்திருக்கா?”

“நான் மூணு வருஷம் வெச்சுக் காட்டறேன்” என்றார்கள் டீச்சரம்மா. சபை முழுக்கச் சிரித்தது. அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று என்கிற முகத்தோடு உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர்கள். அண்ணா வீட்டில் இருந்துகொண்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே வருவார்கள். வேலை செய்யும்போது பேசிக்கொண்டே செய்வது வழக்கம். என்னிடம் பேசுகிறார்களா, தமக்குத்தாமே பேசிக்கொள்கிறார்களா என்று தெரியாது. நானோ யார் எதிரிலும் வாய் திறக்கக் கூசுகிறவன். அதனால் இரண்டு பேருக்கும் தோதாகப் போயிற்று. “இது ஒரு உலகம். வெளிச்சம் உள்ளே போகும், சூடு உள்ளே போகும், சூடு வெளியே வரும். வேற ஒண்ணும் போகப்படாது, வரப்படாது. நம்ம பூமியும் அப்படித்தானே ஆகாசத்துல தொங்கிண்டிருக்கு” என்று சொல்லிக்கொண்டே மணலைக் கொட்டுவார்கள். வெளிச்சத்தில் செடி விடுகிற காற்றை நத்தை மூச்சு விட எடுத்துக்கொள்ளும். நத்தை விடுகிற காற்றும் அதன் கழிவும் செடிக்கு ஆகாரம். கொடுக்கல் வாங்கல் சரியாக இருக்கிற வரைக்கும் அந்த உலகம் ஓடும். ஒரு பாட்டிலில் வேண்டுமென்றே பன்னிரண்டு நத்தை போட்டார்கள். அவை செடியை மொட்டையாகத் தின்றுவிட்டு மூன்று மாதத்தில் தாமும் செத்தன. இன்னொன்று காரணம் தெரியாமலே ஒரு வருஷத்தில் கெட்டது. மூன்று மிஞ்சின. மூன்றும் ஜன்னலோரத்தில் இரண்டரை வருஷம் உயிரோடு இருந்தன. ஆறு மாதக் கெடு தாண்டிப் போய் எத்தனையோ நாள் ஆகிவிட்டது. ஆனால் டீச்சரம்மா சொன்னது மூன்று வருஷம்.

அப்போதுதான் ஊர் காலியானது. ஜப்பான்காரன் கப்பலில் வருகிறான், குண்டு போடப் போகிறான் என்று சித்திரை மாதத்தில் பட்டணமே மூட்டை கட்டியது. தெப்பக்குளத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு பூட்டு. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். டீச்சரம்மாவின் அண்ணா குடும்பம் கும்பகோணத்துக்குப் புறப்பட்டது. பாட்டில்களை ரயிலில் கொண்டுபோக முடியாது. ஆட்டத்தில் மணல் கலங்கிச் செடி பிடுங்கிக்கொள்ளும். புறப்படுகிற அன்று ஒரு நாற்பது பக்க நோட்டை என்னிடம் கொடுத்தார்கள்.

“தொடாதே. நகர்த்தாதே. கண்ணால மட்டும் பாத்துண்டு இந்த நோட்டுல எழுதிண்டு வா. மூணு வருஷம்னு சபையில சொல்லியிருக்கேன். இன்னும் அஞ்சு மாசம்தான்” என்றார்கள். வாசல் வரைக்கும் போய் மறுபடி திரும்பி வந்து, “தொடாதே” என்றார்கள்.

எனக்கும் என் சம்சாரத்துக்கும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கத்திலேயே ஓர் அறை. அவள் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்த்தாள். ஊர் ஓடும்போது நாங்களும் செங்கல்பட்டுப் பக்கம் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் போகவில்லை. அதற்கு அவள் என்னைப் பேசாத பேச்சு இல்லை. “ஊர்ல கீற அத்தினி பேரும் புள்ள குட்டியத் தூக்கினு ஓடுறான். நீ நத்தைக்குக் காவல் காத்துக்கினு கீறே. குண்டு வுழுந்தா நத்த ஓட்டுக்குள்ள பூந்துக்கும். நீ எங்க பூந்துக்குவே?” என்பாள். ஆனால் அவளும் என்னை விட்டுப் போகவில்லை.

பத்து நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. காலையில் எட்டு மணிக்கும் பகல் பன்னிரண்டுக்கும் செடியிலிருந்து கிளம்பும் குமிழிகளை எண்ணுவேன். நூறு எண்ணி முடிப்பதற்குள் எத்தனை குமிழி மேலே வருகிறது என்று எழுதுவேன். என்னிடம் கடிகாரம் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரம்தான். பதினோராம் நாள் குண்டுவீச்சுப் பாதுகாப்பு வேலை பார்க்கிற ஏ.ஆர்.பி. ஆட்கள் வந்தார்கள். தெருவைப் பார்த்த ஜன்னல் எல்லாவற்றுக்கும் கறுப்புக் காகிதம் ஒட்ட வேண்டும், விளக்கு வெளிச்சம் வெளியே கசியக்கூடாது என்று உத்தரவு. சயின்ஸ் ரூம் ஜன்னல் திறந்து மூடுகிற ஜன்னல் இல்லை. சட்டத்தில் பதித்த கண்ணாடி. அதன் மேல் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் குமிழி பாதியாகக் குறைந்தது. ஐந்தாம் நாள் ஒன்றுகூட வரவில்லை. நத்தைகள் எல்லாம் மேலே ஏறி வந்து தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டன. டீச்சரம்மாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அந்தக் குழப்பத்தில் அது எங்கே போயிற்றோ, பதில் வரவில்லை. தொடாதே என்று சொன்னவர்கள் ஜன்னல் இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். ஜன்னலே போய்விட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. நான் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு தொட்டேன்.

மூன்றையும் ஒரேயடியாக வெளியே எடுக்கப் பயந்து ஒன்றை மட்டும் தூக்கிப் போய்க் கிணற்று மேடையில் வைத்தேன். இத்தனை நாள் இருட்டில் கிடந்ததே, நல்ல வெளிச்சம் படட்டும் என்று வைத்தேன். கத்தரி வெயில். மத்தியானம் தொட்டுப் பார்த்தால் காப்பித் தம்ளர் மாதிரிச் சுட்டது. நத்தைகள் ஓட்டுக்குள் சுருண்டு மணலில் விழுந்து கிடந்தன. மறுநாள் செடி வேகவைத்த கீரையாகிவிட்டது.

அந்தப் பயத்தில் இரண்டாவது பாட்டிலுக்கு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கோடையில் குடிதண்ணீர்ப் பானையை நாம் என்ன செய்வோம்? ஈர மணலைக் குவித்து அதன் மேல் பானையை வைத்து, ஈரத் துணியைச் சுற்றுவோம். தண்ணீர் ஜில்லென்று இருக்கும். பாட்டிலிலும் தண்ணீர்தானே என்று அப்படியே செய்தேன். புங்க மரத்தடியில் மணல் குவித்து, என் சம்சாரத்தின் பழைய புடவைக் கிழிசலை நனைத்துக் கழுத்து வரைக்கும் சுற்றி, மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துத் துணியை அவிழ்த்தால் தண்ணீர் தேநீர் நிறம். செடி அழுகிக் கிடந்தது. தொட்டால் மட்டும் ஜில்லென்று இருந்தது. சூடு ஆகாது என்று பார்த்த நான் வெளிச்சத்தை மறந்துவிட்டேன். வெளிச்சம் இல்லாவிட்டால் செடி காற்று விடாது என்று டீச்சரம்மா எத்தனை தடவை என் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் தெரிந்ததும் ஒன்றில்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. ரூம் கதவு வழியாக வந்த கொஞ்ச வெளிச்சத்தில் அது எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அதே புங்க மரத்தடியில் ஒரு முக்காலி போட்டு, துணி எதுவும் சுற்றாமல் வைத்தேன். இலை வழியாகச் சல்லடையில் சலித்த மாதிரி வெளிச்சம் விழும் இடம். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டுக்கு எழுந்தால் என் சம்சாரம் உட்காருவாள். நாலாம் நாள் காலையில் செடியின் நுனியிலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே போயிற்று. அவள்தான் முதலில் பார்த்தாள். “யோவ், உன் நத்தைக்கு மூச்சு வந்துடுச்சி!” என்று கத்தினாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் பாட்டில் பளிச்சென்று வெயிலில் நிற்கிறது. நான் நகர்த்தவில்லை. அவளும் நகர்த்தவில்லை. மரம் நின்ற இடத்தில்தான் நின்றது. நிழல் நகர்ந்திருந்தது. அன்றைக்கு முக்காலியை அரை அடி தெற்கே தள்ளினேன். முதலில் வைத்த இடத்தில் ஒரு செங்கல் துண்டைப் புதைத்தேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்து, நிழலோடு முக்காலியையும் தள்ளி, ஒவ்வொரு தடவையும் ஒரு செங்கல் துண்டு புதைத்து, தேதியும் துண்டின் நம்பரும் குமிழியின் கணக்கும் எழுதினேன். ஆனி மாதம் வரைக்கும் தெற்கே போயிற்று. அப்புறம் திரும்பி வர ஆரம்பித்தது. சித்திரையில் நல்ல இடமாக இருந்தது ஆனியில் கொல்லுகிற இடம். நாற்பது வருஷமாக மரத்தடியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் நாம் எல்லோரும். நமக்கு வெயில் பட்டால் எழுந்து தள்ளி உட்காருவோம். அதனால் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

ஆடியில் பள்ளிக்கூடம் திறக்கிறது, டீச்சரம்மா வருகிறார்கள் என்று தகவல் வந்தது. செத்த இரண்டுக்கும் என்ன பதில் சொல்வேன்? வாட்ச்மேன் ஒருவர் இருந்தார், நெல்லூர்ப் பக்கத்துக்காரர், எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, சாவு வூட்ல குந்திக்கினு கீற மாரி கீறே?” என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“அடச்சே, இதுக்கா? அதே கொளம் கீது. அதே மணலு கீது. அதே நத்த கீது. ரெண்டு பாட்டில ரொப்பி அரக்க ஊத்து. நத்த இன்னா, நான் புதுசுன்னு வாயத் தொறந்து சொல்லப் போவுதா?”

அவர் சொன்னபடியே செய்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஆறு மாதமாக யோசித்தேன், எழுதிவிட்டேன். செத்த பாட்டில்கள் இரண்டையும் விறகு அறையில் சாக்குக்கு அடியில் ஒளித்தேன். புதிதாக இரண்டு ரொப்பி, டீச்சரம்மாவின் அரக்கையே உருக்கி ஊற்றி, உயிரோடு இருந்த பாட்டிலோடு சேர்த்து மரத்தடியில் வரிசையாக வைத்தேன்.

டீச்சரம்மா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சயின்ஸ் ரூமுக்குப் போனார்கள். பாட்டில்கள் அங்கே இல்லையே என்று முதலில் திகைத்தார்கள். கறுப்புக் காகிதத்தைக் காட்டினேன்; புரிந்துகொண்டார்கள். பிறகு மரத்தடிக்கு வந்து பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தார்கள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். “மூணும் இருக்கே! ஊரே ஓடிப்போச்சு, நீ ஒருத்தன் இருந்து மூணையும் காப்பாத்திட்டியே!” என்றார்கள்.

என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. அது திருட்டுப் புகழ். அரை மணி நேரம்கூட என்னால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. விறகு அறைக்குப் போய்ச் செத்த பாட்டில்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் காலடியில் வைத்தேன். அவர்கள் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“தொடாதேன்னு எத்தனை தரம் சொன்னேன்?”

“ரெண்டு தரம், டீச்சரம்மா.”

அவர்கள் நோட்டை மட்டும் கையில் எடுத்தார்கள். போகும்போது புது பாட்டில்களைக் காட்டி, “இதுகளைக் கொண்டுபோய்க் குளத்துலயே விட்டுடு. இதுகள் ஒரு தப்பும் பண்ணலை” என்றார்கள். தப்புப் பண்ணினவன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

நாலு நாள் என்னோடு பேசவில்லை. சீட்டு எழுதி மேஜை மேல் வைத்துவிட்டுப் போவார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்து வேலையைச் செய்வேன். ஐந்தாம் நாள் காலையில் நோட்டோடு மரத்தடிக்கு வந்தார்கள். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, புதைத்திருந்த செங்கல் துண்டுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்தார்கள். முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரைக்கும் போய், மறுபடி முதல் துண்டுக்கு வந்தார்கள். வெயிலில் நெடுநேரம் நின்றார்கள்.

“ரெண்டரை வருஷம் ஜன்னலோரத்துல வெச்சுண்டு, எல்லாம் அந்த பாட்டிலுக்குள்ளேயே இருக்குன்னு நெனச்சிண்டிருந்தேன்” என்றார்கள். “வெளியில இருக்கறது மாறாதுன்னு யார் சொன்னா எனக்கு? எனக்குத் தோணவே இல்லையே.” பிறகு என்னைப் பார்த்து, “இன்னியிலேருந்து நீயே நகர்த்து. நிறுத்தாம எழுது” என்றார்கள். என் மேல் கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிதாக ஒன்று அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. கோபத்துக்கு அங்கே இடம் இல்லை.

மூன்று வருஷக் கெடு புரட்டாசியில் முடிந்தது. ஜனங்கள் திரும்பி வந்து ஊர் நிறைந்த பிறகு, தை மாதத்தில் மாம்பலத்தில் ஒரு சபையில் டீச்சரம்மாவின் பேச்சுக்கு ஏற்பாடு ஆயிற்று. பழைய புரொபசரே தலைமை. அதற்குள் முக்காலி ஆவணியில் முதல் செங்கல்லுக்குத் திரும்பி வந்து, அதைத் தாண்டி வடக்கே போய், மார்கழியில் பத்து அடிக்கு மேல் தள்ளி நின்றது. உயிரோடு இருந்த பாட்டிலையும் செத்த இரண்டையும் வைக்கோல் போட்ட கூடையில் வைத்து நான் தூக்கிப் போனேன். மூன்றையும் மேடையில் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். செத்ததை எதற்கு வைக்க வேண்டும் என்று எனக்கு மனசுக்குள் குமைச்சல்.

அவர்கள் பேச்சு இன்றும் எனக்கு மறக்கவில்லை. மற்ற சூரியன்களைச் சுற்றி உலகங்கள் உண்டா என்று இன்னும் ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை, இருந்தால் எதைப் பார்த்து அதை வாழத் தகுந்தது என்று சொல்வது என்று தொடங்கினார்கள். சூரியனுக்கு மிகக் கிட்டே போனால் இது என்று வெந்த பாட்டிலைக் காட்டினார்கள். சூடு அளவாக இருந்தும் வெளிச்சம் எட்டாவிட்டால் இது என்று ஈரத் துணிப் பாட்டிலைக் காட்டினார்கள். பிறகு மூன்றாவதில் கையை வைத்து, “இது மூணு வருஷமும் நாலு மாசமும் மூடினபடியே இருக்கு. ஆனா சபைக்கு ஒண்ணு சொல்லியாகணும். இதை நகர்த்தியிருக்கு” என்றார்கள்.

புரொபசர் எழுந்தார். “நகர்த்தினதா? அப்போ இது தனி உலகம் இல்லையேம்மா. வெளியிலேருந்து ஒருத்தர் கை பட்டுடுத்து. நீங்க சொன்ன வாக்கு நிக்கலையே” என்றார். சபையில் ஒரு முணுமுணுப்பு. நாலு பேர் சிரிக்கவும் செய்தார்கள். டீச்சரம்மாவின் முகம் சுருங்கியதைக் கடைசியில் நின்ற நான் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சிரிப்பு. நான் பாட்டிலை நகர்த்தாமல் இருந்திருந்தால் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. நகர்த்தியதால் காட்டியும் பயனில்லை என்று ஆகிக்கொண்டிருந்தது.

“நகர்த்தினவர் இங்கேயேதான் இருக்கார். அவரையே கேளுங்கோ” என்றார்கள் டீச்சரம்மா.

முந்நூறு தலை என் பக்கம் திரும்பியது. வெளியே ஓடிவிடலாம், கதவு பக்கத்தில்தான் இருந்தது. மேடையில் அவர்கள் ஒரு கையைப் பாட்டிலின் மேல் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன்ப்பா நகர்த்தினே? தொடாதேன்னு உனக்கு உத்தரவாமே?” என்றார் புரொபசர்.

“நெழலு நகர்ந்துச்சு சார். அதனால நானும் நகர்த்துனேன்.”

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. “நகர்த்தாம விட்டிருந்தா?”

“செத்திருக்கும் சார். பக்கத்துல கீற ரெண்டும் செத்துச்சு. அது ரெண்டையும் சாவடிச்சது நாந்தான். ஒண்ண வெயில்ல வெச்சேன், ஒண்ணுக்குத் துணி சுத்துனேன்.” இப்போது யாரும் சிரிக்கவில்லை. வாய் திறந்தாயிற்று, இனி மூட வரவில்லை. “உள்ள நான் ஒண்ணும் பண்ணல சார். ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. உள்ள எல்லாம் அதுவே பாத்துக்குது. ஆனா நல்ல எடம்னு ஒண்ணு நெலையா இல்ல சார். சித்திரைல நல்ல எடமா கீறது ஆனில இல்ல. நீங்க ஒரு நாளு வந்து பாத்துட்டு நல்ல எடம்னு சொல்லிட்டுப் பூட்டா, அது சரியாப் பூடுமா? வருசம் முச்சூடும் குந்திக்கினு பாக்கணும் சார்.”

அவ்வளவுதான். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டேன். டீச்சரம்மா பேச்சை அங்கிருந்தே எடுத்தார்கள். அவர்கள் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. “நம்ம சூரியனும் யுக யுகமா மெள்ள மெள்ளச் சூடேறிண்டே போகும்னு இப்போ சிலர் சொல்லறா. அப்படின்னா ஆகாசத்துலயும் நல்ல இடம் நகர்ந்துண்டேதான் இருக்கு. அங்கே முக்காலியை நகர்த்த ஆள் கிடையாது. இருந்தும் நம்ம பூமி இத்தனை கோடி வருஷம் வேகாம, உறையாம இருந்திருக்கு. கடலும் மேகமும் காத்தும் பாறையும் சேர்ந்து உள்ளேயே ஏதோ ஒண்ணு அந்த வேலையைப் பண்ணிண்டிருக்கணும். அது என்னன்னு எனக்கு முழுக்கத் தெரியாது. ஆனா வேற உலகத்தைத் தேடறவா, அங்கே தண்ணி இருக்கா, சூடு அளவா இருக்கான்னு மட்டும் கேட்டாப் போறாது. முக்காலியை நகர்த்தறது யாருன்னு கேக்கணும்.”

கை தட்டல் ஓய நேரமாயிற்று. கூட்டம் கலைந்ததும் புரொபசர் மேடையிலிருந்து இறங்கிக் கடைசி வரிசைக்கு, என்னிடம் வந்தார். நோட்டைக் கேட்டார். நின்றுகொண்டே பத்துப் பக்கம் புரட்டினார். “எத்தனாவது படிச்சிருக்கே?” என்று கேட்டார். நாலாவது என்றேன். “எழுத்து மோசம். கணக்கு சுத்தம்” என்றார். பிறகு டீச்சரம்மா பக்கம் திரும்பி, “ஆறு மாசம்னு நான் சொன்னது தப்பு. இன்னும் என்னென்ன தப்புச் சொல்லியிருக்கேனோ” என்று கும்பிட்டார்.

யுத்தம் முடிந்து கறுப்புக் காகிதத்தை நானே சுரண்டி எடுத்தேன். பாட்டில் இப்போது மறுபடி ஜன்னலோரத்தில் இருக்கிறது; அதை மூடிப் பத்து வருஷம் ஆகிறது. வருகிற பெண்களெல்லாம் அதைச் சுற்றி நின்று கேள்வி கேட்கிறார்கள். டீச்சரம்மா ஊரில் இல்லாத நாட்களில் நானே பதில் சொல்கிறேன். கூச்சம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று தெரியும்.

அன்றைக்குச் சபையிலிருந்து திரும்ப ஒரு ஜட்காக் குதிரை வண்டி பேசினார்கள். கூடையோடு நான் பின்னால் நடந்து வருகிறேன் என்றேன். டீச்சரம்மா கேட்கவில்லை. பாட்டில் ஆடக்கூடாது, அதை மடியில் வைத்துக்கொண்டு நீதான் நடுவில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டு, தாம் ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தேனாம்பேட்டைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டி வந்தது. பள்ளிக்கூட வாசலில் அது வந்து நின்றபோது என் சம்சாரம் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். என்னை வண்டியில் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

“இன்னாய்யா, மாப்ள ஊர்வலமா? போன காரியம் இன்னா ஆச்சி?”

“நான் பேசுனேன்” என்றேன்.

“யாரு, நீயா? கத்திரிக்கா வெல கேக்கவே என்னிய முன்னால தள்ளிட்டு நீ பின்னால நிப்பே. சபைல போய்ப் பேசுனியா? யாராண்ட கதை வுடுறே?”

டீச்சரம்மா வண்டியிலிருந்து இறங்கிப் புடவையை உதறிக்கொண்டார்கள்.

“பேசினார்” என்றார்கள். “சபையே கேட்டுது.”

விரோதி வருஷம், ஐப்பசி மாதம் 9ந் தேதி.